பாம்புக்குக் கால் இல்லை... இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

ஐந்தாம் வகுப்பு. மதிய உணவு முடிந்து முதல் பீரியட். ஆங்கிலப் பாடம். பக்கத்தின் மேலே ஒரு முதலை, ஓர் ஆமை, ஒரு பாம்பு, ஒரு பல்லி. தலைப்பு, 'ரெப்டைல்ஸ்'. "யார் முதல்ல வாசிக்கிறீங்க?" என்று டீச்சர் கேட்டதுதான் தாமதம், அத்தனை தலைகளும் குனிந்துவிடுகின்றன. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பையன் பென்சிலைத் தேடுவதுபோல பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொள்கிறான்.

இதே பிள்ளைகள்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால், தட்டைக் கழுவிக்கொண்டே, யார் வீட்டு வைக்கோல்போரில் சாரை புகுந்தது, யார் தாத்தா உடும்பைப் பார்த்தார், பல்லி வால் அறுந்த பிறகு எவ்வளவு நேரம் துடிக்கும் என்று சத்தம்போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோனதுபோல ஓர் அமைதி.

தமிழ்வழியில் படிக்கும் எந்தக் கிராமத்துப் பள்ளியிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆனால், ஆங்கிலப் புத்தகத்தில் வரும் மற்ற பாடங்களைப்போல ரெப்டைல் பாடத்தை நினைத்துவிடக் கூடாது. பனி மனிதனைப் பற்றியோ, லண்டன் பாலத்தைப் பற்றியோ ஒரு பாடம் வந்தால், நம் பிள்ளைக்குச் சொல்லும் தெரியாது, அந்தப் பொருளும் தெரியாது. ரெப்டைல் பாடத்தில் பொருள் தெரியும். புத்தகம் எழுதியவரைவிடக்கூடச் சில விஷயங்கள் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். தெரியாதது அந்த ஆங்கிலச் சொற்கள் மட்டும்தான்.

அந்த அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

பேஸ்பால் சொன்ன பாடம்

1988-ல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஏழாவது, எட்டாவது படிக்கும் 64 பிள்ளைகள். அவர்களில் நன்றாக வாசிப்பவர்கள் இருந்தார்கள், தடுமாறி வாசிப்பவர்களும் இருந்தார்கள். பேஸ்பால் விளையாட்டை நன்கு அறிந்தவர்கள், அறியாதவர்கள் என்றும் பிரிவு இருந்தது. எல்லோருக்கும் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்து, ஒரு குட்டி மைதான மாதிரியில் பொம்மைகளை நகர்த்தி, 'என்ன நடந்தது என்று காட்டுங்கள்' என்றார்கள்.

தடுமாறி வாசிக்கும், ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், சரளமாக வாசிக்கும், ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். விஷயம் தெரிந்திருந்ததால், வாசித்தது புரிந்தது. புரிந்ததால் நினைவிலும் நின்றது.

இதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே, ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி ஓர் எளிய கணக்கைச் சொல்லியிருந்தார்கள். எழுத்தைக் கூட்டி உச்சரிக்கும் திறன் ஒன்று. கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசிப்பு. கவனியுங்கள், கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால், விடையும் பூஜ்யம். 'ரெ-ப்-டை-ல்' என்று அழகாக எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அதன் பொருள் தெரியாவிட்டால், அது வெறும் சத்தம்.

நம் வகுப்பறைகளில் பெரும்பாலான உழைப்பு எழுத்துக்கூட்டுவதிலேயே போய்விடுகிறது. இரண்டாவது பகுதிக்கான சரக்கு பிள்ளையிடமே இருக்கிறது. அதைத் தமிழில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

புத்தகத்தைத் திறக்கும் முன்...

ரெப்டைல் பாடத்தைத் தமிழில் தொடங்குவதில் தவறே இல்லை. 'இங்கிலீஷ் பீரியடில் இங்கிலீஷ் மட்டும்தான்' என்ற கட்டளை இங்கே பிள்ளையின் வாயைத்தான் கட்டிப்போடும்.

முதல் வேலை, தலைப்புச் சொல். ரெப்டைல் என்பது, 'ஊர்ந்து செல்வது' என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் 'ஊர்வன' என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது. இரண்டு மொழிகள், ஒரே பார்வை. இதைச் சொல்லிவிட்டால் ரெப்டைல் என்ற சொல் பிள்ளைக்கு அந்நியமாக இருக்காது. 'அட, நம்ம ஊர்வனதானா!' என்று ஆகிவிடும்.

அடுத்து, கரும்பலகையில் 3 கட்டங்கள். 'எனக்குத் தெரிந்தது', 'தெரிந்துகொள்ள ஆசைப்படுவது', 'இன்று தெரிந்துகொண்டது.' டோனா ஓகிள் என்ற கல்வியாளர் 1986-ல் அறிமுகப்படுத்திய இந்த முறை இன்று உலகம் முழுக்கப் பல வகுப்பறைகளில் இருக்கிறது. முதல் கட்டத்தில் பிள்ளைகள் சொல்வதையெல்லாம் டீச்சர் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். சரியா, தவறா என்று உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இந்தக் கட்டம் எவ்வளவு வேகமாக நிறையும் என்று பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். பாம்பு சட்டை உரிக்கும். பல்லி சுவரில் ஏறும். ஆமை முட்டையை மணலில் புதைக்கும். முதலை வெயில் காயும். கூடவே, பாம்பு பால் குடிக்கும், அரணை கடித்தால் மரணம், சாரையும் நாகமும் ஜோடி என்பவையும் வரும். வரட்டும். சாரை வேறு இனம், நாகம் வேறு இனம். இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைவதாக நாம் பார்ப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. அரணைக்கு விஷமே கிடையாது. பால் பாம்பின் உணவும் இல்லை. எது உண்மை, எது கதை என்று கண்டுபிடிக்கத்தானே வாசிக்கப் போகிறோம்? இப்போது பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

தங்க ரத்தமா, குளிர்ந்த ரத்தமா?

இனி சொற்கள். எல்லா ரெப்டைல் பாடங்களிலும் ஏழெட்டுச் சொற்கள் தவறாமல் வரும். அவற்றில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். எங்கே விழுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், தாங்கிப் பிடிக்கலாம்.

'ஸ்நேக்ஸ் ஹேவ் ஸ்கேல்ஸ்.' நம் ஊர்ப் பிள்ளைக்கு ஸ்கேல் என்றால் கோடு போடும் ஸ்கேல்தான். பாம்பிடம் ஏன் ஸ்கேல் இருக்கிறது? செதில் என்ற பொருளை, மீன் கழுவும்போது அம்மா சீவி எடுப்பாரே, அதைச் சொன்னால் போதும். மீன் செதிலும் பாம்பின் செதிலும் ஒன்றில்லை என்றாலும், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

'ஷெட்.' சைக்கிள் ஷெட், கார் ஷெட் தெரியும். பாம்புக்கு எதற்கு ஷெட்? சட்டை உரிப்பதற்கும் அதே சொல்தான் என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சிரித்த சொல் மறக்காது.

அடுத்தது நம் எழுத்தால் வரும் சிக்கல். பல பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்துக்கொள்வார்கள். ரெப்டைல் பாடத்தில் இது குழிதோண்டிவிடும். குளிர்ச்சிக்கும் 'கோல்ட்', தங்கத்துக்கும் 'கோல்ட்'. 'கோல்ட் பிளடட்' என்று எழுதிப் படிக்கும் பிள்ளை, முதலைக்குத் தங்க ரத்தம் என்று நினைத்தால் அது பிள்ளையின் தவறில்லை. அதேபோல, 'ஊர்வனவற்றின் தோல் உலர்ந்தது' என்ற வாக்கியத்தில் வரும் 'ட்ரை', முயற்சி செய் என்ற 'ட்ரை'யாகிவிடும். இந்த ஜோடிகளைப் பிரித்துக்காட்ட நம் எழுத்தில் வழியில்லை.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குளிர்ச்சிக்கான 'கோல்ட்' சொன்னால், காற்று பட்டுக் காகிதம் ஆடும். தங்கத்துக்கான 'கோல்ட்' சொல்லும்போது தொண்டையில் கைவைத்தால் முதல் எழுத்திலேயே அதிர்வு தெரியும். இரண்டு நிமிட விளையாட்டு. காதால் பிரிக்க முடியாததைக் கையும் கண்ணும் பிரித்துவிடும்.

உச்சரிப்பு சரியானாலும் 'கோல்ட் பிளடட்' இன்னொரு முறை ஏமாற்றும். அப்படியே மொழிபெயர்த்தால் 'குளிர் ரத்தம்'. உண்மையில், நல்ல வெயிலில் கிடக்கும் ஓணானின் ரத்தம் சூடாகத்தான் இருக்கும். உடம்பின் சூட்டை உள்ளேயிருந்து நிலையாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான ஊர்வனவற்றுக்கு இல்லை. சுற்றுப்புறம் சூடானால் சூடாகும், குளிர்ந்தால் குளிரும். அதனால்தான் காலையில் வெயில் காய்கின்றன. 'பாஸ்க்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வெயில் காய்தல்' என்பதைவிடப் பொருத்தமான விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது. மார்கழிக் காலையில் வாசலில் தாத்தா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே சொல் மனதில் நின்றுவிடும்.

ஒரு சொல்லா, நாலு சொல்லா?

தமிழில் பல்லி வேறு, ஓணான் வேறு, அரணை வேறு, உடும்பு வேறு. ஆங்கிலத்தில் இவையெல்லாம் ஒரே 'லிஸர்ட்' கூடைக்குள் அடக்கம். புத்தகத்தில் லிஸர்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'பல்லி' என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், உடும்புப் படத்தைப் பார்த்த பிள்ளை குழம்பத்தான் செய்யும். 'இந்த நாலு பேரும் ஒரே குடும்பம், குடும்பப் பெயர் லிஸர்ட்' என்று சொல்லிவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

ஆமை விஷயத்தில் கதை தலைகீழ். நமக்கு எல்லாமே ஆமை. ஆங்கிலத்தில் நிலத்தில் வாழ்வது 'டார்ட்டஸ்', கடலிலும் நீரிலும் வாழ்வது 'டர்ட்டில்' என்று பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். சென்னைக் கடற்கரைக்கு ஆண்டின் தொடக்க மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, டர்ட்டில். முதுகில் நட்சத்திரக் கோலம் போட்டதுபோல இருக்கும் நட்சத்திர ஆமை, டார்ட்டஸ்.

விரியன் இன்னும் சுவாரஸ்யம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றையும் நாம் விரியன் என்றே சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதல் இரண்டு மட்டும்தான் 'வைப்பர்'. கட்டுவிரியன் 'க்ரெய்ட்'. அது நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்று பெயர் வந்ததற்குக் காரணம், பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். விசாகப்பட்டினத்தில் வேலைபார்த்து, இந்தியப் பாம்புகளைப் பற்றி 1796-ல் நூல் வெளியிட்டவர்.

ஆங்கிலப் பெயர் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தையும் இங்கேயே உடைக்கலாம். நம் தோட்டத்து ஓணானுக்கு ஆங்கிலத்தில் 'பிளட் சக்கர்', அதாவது ரத்தம் உறிஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. ஓணான் யார் ரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. ஆண் ஓணானின் தலையும் கழுத்தும் சிலநேரம் சிவந்துபோவதைப் பார்த்து வைத்த பெயர். பூச்சி பிடித்துத் தின்னும் ஒரு சாதுவான பிராணிக்கு இப்படி ஒரு பழி!

கடைசியாக, விஷம். விஷப் பாம்பு, விஷக் காளான் இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அது கடித்து நமக்கு விஷம் ஏறினால் 'வெனமஸ்'. அதைத் தின்றோ தொட்டோ நமக்கு விஷம் ஏறினால் 'பாய்சனஸ்'. கடிப்பது எது, தின்பது எது என்று கேட்டால் பிள்ளை தானாகவே பிரித்துவிடும்.

எல்லாமா, சிலவா?

பாடத்தில் அடுத்து ஒரு வரி வரும். 'ஊர்வன முட்டையிடும்.'

இங்கேதான் பின்பெஞ்சிலிருந்து ஒரு கை உயரும். "டீச்சர், விரியன் குட்டி போடும்!"

அந்தப் பிள்ளை சொல்வது சரி. கண்ணாடி விரியன் குட்டிதான் போடும். மண்ணுளிப் பாம்பும் அப்படியே. நாம் கண்கொத்திப் பாம்பு என்று பயப்படும் பச்சைப்பாம்பும் அப்படியே. 'புத்தகத்துல என்ன இருக்கோ அதைப் படி' என்று கையை இறக்கச் சொன்னால், அந்தப் பிள்ளை இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்ளும். தனக்குத் தெரிந்ததற்கு இங்கே மதிப்பில்லை என்பது ஒன்று. ஆங்கிலப் புத்தகத்தை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்பது இன்னொன்று.

அதற்குப் பதிலாக, அந்த வரியைப் பலகையில் எழுதி, முன்னால் ஒரு காலி இடம் விடலாம். அதில் 'ஆல்', 'மோஸ்ட்', 'சம்' மூன்றில் எதைப் போடலாம்? எல்லா ஊர்வனவுமா, பெரும்பாலானவையா, சிலவா? 'மோஸ்ட் ரெப்டைல்ஸ் லே எக்ஸ்' என்று வகுப்பே சேர்ந்து திருத்தும்போது, புத்தக வரியைச் சரிசெய்த பெருமை அந்தப் பிள்ளைக்குச் சேரும். மூன்று சொற்களும் இனி மறக்காது.

அடுத்தடுத்த வரிகளுக்கும் இதையே செய்யலாம். எல்லாப் பாம்புகளும் வெனமஸா? இல்லை, சில மட்டும். எல்லா லிஸர்டுக்கும் கால் உண்டா? பெரும்பாலானவற்றுக்கு உண்டு. காலே இல்லாத லிஸர்டுகளும் உலகில் இருக்கின்றன. எல்லா ஆமைகளுக்கும் ஓடு உண்டா? உண்டு. தவளை ரெப்டைலா? இல்லை. அதன் தோல் ஈரமானது, முட்டையிலிருந்து வருவது தலைப்பிரட்டை. உலகில் 12,000-க்கும் அதிகமான ஊர்வன இனங்கள் உள்ளன. அவ்வளவையும் ஒரே வரியில் அடக்குவது எந்தப் புத்தகத்துக்கும் கஷ்டம்தான்.

பாம்புக்குக் கால் இல்லை

வாசித்துப் புரிந்துகொண்ட பிள்ளை, தானாக ஒரு வரி எழுதும்போது அடுத்த தடை வரும். 'பாம்புக்குக் கால் இல்லை.' தமிழில் மூன்று சொற்கள். அப்படியே மாற்றினால், 'ஸ்நேக் லெக் நோ.' பல பிள்ளைகள் இப்படித்தான் எழுதுவார்கள். சிவப்பு மையால் அடித்துவிட்டால் அடுத்த முறை எழுதவே மாட்டார்கள்.

பிள்ளை சோம்பேறித்தனத்தால் இப்படி எழுதவில்லை. தமிழில், 'எனக்குத் தம்பி உண்டு', 'ஆமைக்கு ஓடு உண்டு', 'பாம்புக்குக் கால் இல்லை' என்று, யாருக்கு இருக்கிறது என்ற கணக்கில் பேசுகிறோம். ஆங்கிலம் யார் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கில் பேசுகிறது. அதனால்தான் அங்கே 'ஹேஸ்', 'ஹேவ்' தேவைப்படுகின்றன. நமக்கு 'நாலு கால்' என்றாலே போதும், 'நாலு கால்கள்' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேல் போனால் கடைசியில் 'ஸ்' ஒட்ட வேண்டும். இந்த இரண்டு வித்தியாசங்களையும் தமிழிலேயே விளக்கிச் சொல்ல 5 நிமிடம் போதும்.

பிறகு ஒரு சட்டகம் கொடுக்கலாம். 'எ ____ ஹேஸ் ____. இட் டஸ் நாட் ஹேவ் ____.' காலி இடத்தை நிரப்புவது மட்டும் பிள்ளையின் வேலை. ஆமைக்கு ஓடு உண்டு, பல் இல்லை. பல்லிக்கு நாலு கால் உண்டு, இறக்கை இல்லை. பாம்புக்குச் செதில் உண்டு, இமை இல்லை. 'ஐலிட்ஸ்' என்ற சொல்லை ஒரு பிள்ளை கேட்டு வாங்கி எழுதினால், அன்றைய வகுப்பு வெற்றி.

பக்கத்தில் இருப்பவரோடு ஜோடியாக வாசிப்பது, எழுதியதை மற்றவருக்குப் படித்துக் காட்டுவது, கடைசியில் பலகையின் மூன்றாவது கட்டத்தை ஆங்கிலத்தில் நிரப்புவது. முதல் கட்டம் தமிழில், மூன்றாம் கட்டம் ஆங்கிலத்தில். இடையில் கடந்துவந்த தூரம் பிள்ளையின் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும்.

'டு நாட்' என்ற இரண்டு சொற்கள்

இந்தப் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்திவிட்டுப் போக முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமங்களில். இறந்தவர்களில் கால் பங்குக்கும் மேல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டு மத்திய அரசும், 2030-க்குள் பாம்புக்கடி மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது.

ரெப்டைல் பாடம் நடக்கும் வகுப்பறையில், பாம்புக்கடியால் அப்பாவையோ அத்தையையோ இழந்த பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும். படத்தைப் பார்த்ததும் ஒரு பிள்ளை அமைதியாகிவிட்டால், வற்புறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம். ஆமைப் பக்கத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

பாடத்தின் முடிவில் சேர்த்துக்கொள்ள 6 வரிகள் உண்டு. பதறாதே. ஓடாதே, கடிபட்ட இடத்தை அசைக்காதே. கீறாதே, வாய் வைத்து உறிஞ்சாதே. இறுக்கிக் கட்டாதே. மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் கழற்று. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போ.

இவற்றை முதலில் தமிழில் சொல்லி, எல்லோருக்கும் புரிந்த பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். ஏன் தெரியுமா? 'டு நாட் கட்' என்ற வரியைத் தடுமாறி வாசிக்கும் பிள்ளையின் கண், தெரிந்த சொல்லான 'கட்' மீதுதான் போய் நிற்கும். 'நாட்' நழுவிப்போகும். பரீட்சையில் அது ஒரு மதிப்பெண். வயல்வரப்பில் அது ஓர் உயிர். அதனால், 'டு நாட்' வரும்போதெல்லாம் வகுப்பே கையை ஆட்டிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கக்கூடும். வலியோ தடமோ பெரிதாகத் தெரியாமலே போகலாம். கொசுவலைக்குள் படுப்பதும், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காததும் எளிய பாதுகாப்பு. இந்த இரண்டையும் பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னாலே பாடம் பலன் தந்துவிட்டது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆங்கிலம் தெரியாத அம்மா, அப்பா, பாட்டியும் இந்தப் பாடத்துக்கு உதவலாம். "இன்னிக்கு எந்தப் பிராணியப் பத்திப் படிச்சே? அதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" என்று கேட்டால் போதும். பிள்ளை ஆசிரியராகிவிடும். சுவரில் பல்லியைப் பார்த்ததும் 'லிஸர்ட்', அது பூச்சியைப் பிடித்ததும் 'இட் ஈட்ஸ் இன்செக்ட்ஸ்' என்று இரண்டு வரி சொல்லச் சொல்லலாம். செல்போன் கையில் இருந்தால், ஓணானைத் தூரத்தில் இருந்து படமெடுத்து, கீழே ஒரு வரி எழுதச் சொல்லலாம். பாம்பை மட்டும் படமெடுக்க நெருங்கவே கூடாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

சென்னை பக்கம் போகிறவர்கள் கிண்டி பாம்புப் பண்ணைக்கோ, வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ பிள்ளைகளை அழைத்துப்போகலாம். திருப்பூர் மாவட்டத்தில் அமராவதி, திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணைகளிலும் முதலைப் பண்ணைகள் உண்டு. பெயர்ப் பலகைகளை வாசித்தபடி நடக்கச் சொல்லுங்கள்.

ஃப்ளோரிடா போன இரண்டு பேர்

வடநெம்மேலியில் இன்னொன்றும் இருக்கிறது. 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இருளர்கள் பிடித்துவந்து, சில வாரங்கள் வைத்திருந்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடியும் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது.

அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே பெருகிப்போய்க் காட்டுயிர்களை அழித்துக்கொண்டிருந்த பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உதவி கேட்டது ஃப்ளோரிடா பல்கலைக்கழகக் குழு. மொழிபெயர்ப்பாளர்கள் கூடவே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அமெரிக்க விஞ்ஞானிகள் அவர்களிடம் ஆங்கிலத்தை எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததை எதிர்பார்த்தார்கள். மொழியை இன்னொருவர் கடத்தித் தந்தார். வகுப்பறையில் அந்த மொழிபெயர்ப்பாளரின் வேலையைத்தான் ஆங்கில ஆசிரியர் செய்கிறார். என்றாவது ஒருநாள் அந்தப் பிள்ளை தன் அறிவைத் தானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளும்வரை.

இருளர் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால், 'நீ பாம்பு பிடிக்கிற வீட்டுப் பிள்ளைதானே, சொல்லு' என்று எழுப்பி நிறுத்துவது கௌரவம் ஆகாது. அது கேலிக்கு இடம் கொடுத்துவிடும். பலகையின் முதல் கட்டத்தை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவைத்தால், சொல்ல விரும்பும் பிள்ளை தானாகவே சொல்லும்.

ஜன்னலோரத்தில் பென்சில் தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பையனிடம், "வாசி" என்று சொல்வதற்குப் பதிலாக, "உங்க வீட்டுப் பக்கம் என்னென்ன ஊர்வன பார்த்திருக்கே?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பென்சில் உடனே கிடைத்துவிடும்.